டீ கீ, சாய் வாய், சஹா பிஹா

மாதுங்காவில் மின்ரயில் ஏறி தாணேயில் இறங்கும் ஒரு தமிழ் மாணவனைக் கற்பனை செய்வது சிரமமில்லை. போனில் அம்மாவிடம் "டீ கீ குடிச்சியாம்மா?" என்கிறான். இந்தி பேசும் நண்பனிடம் அதுவே "சாய் வாய்". மராத்திக்காரரிடம் "சஹா பிஹா". எதிரொலிச் சொல்லின் முதல் எழுத்துதான் மொழிக்கு மொழி மாறுகிறது, உத்தி ஒன்றே.

இந்த மாணவனுக்குத் தொடரியல் கற்பிக்க வேண்டிய ஆசிரியரின் பாடுதான் திண்டாட்டம். சாம்ஸ்கியின் 1957ஆம் ஆண்டு நூலுக்குப் பின் வந்த பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கில வாக்கியத்தை வைத்தே பாடத்தைத் தொடங்குகின்றன. அதில் வினை நடுவில் நிற்கும். தமிழில் அது கடைசி ஆள். தாமஸ் லேமன் எழுதி 1989இல் வெளியான தற்காலத் தமிழ் இலக்கணம் அருமையானது, ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிறது. 1992இல் முதலில் வெளிவந்த க்ரியா அகராதி, சொல்லுக்குப் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால் வகுப்பில் கைகொடுக்கும். மிச்சத்துக்கு எங்கே போவது?

மாணவன் கையிலிருக்கும் போனுக்கே போகலாம்.

"ப்ளாக் பண்ணிட்டான்." மொழி கெட்டதற்குச் சாட்சியாகப் பெரியவர்கள் காட்டும் வாக்கியம் இது. இதையே இந்தியில் "ப்ளாக் கர் தியா" என்றும் மராத்தியில் "ப்ளாக் கரூன் டாக்ல" என்றும் எழுதுகிறார்கள். காரியம் முடிந்தது என்று காட்ட மூன்றுக்கும் ஒரு துணைவினை வேண்டியிருக்கிறது. தமிழ் 'விடு'கிறது, இந்தி 'கொடு'க்கிறது, மராத்தி 'போடு'கிறது. ஆனால் ப்ளாக் செய்தது ஆணா பெண்ணா என்பதை இந்தி வினை சொல்லாது. தமிழில் 'பண்ணிட்டான்', 'பண்ணிட்டா' என்று விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் திணை, பால் இயைபோடுதான் தொடங்குகிறது. ஆங்கிலச் சொல் உள்ளே நுழைந்தும் அந்த இயைபு குலையவில்லை.

மொழிகள் அருகருகே வாழும்போது முதலில் மாறுவது சொல்தான் என்பதும் எப்போதும் உண்மையல்ல. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள குப்வாடில் கன்னடம், மராத்தி, உருது பேசுவோர் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் அங்கே நடத்திய ஆய்வு 1971இல் வெளியானது. சொற்கள் தனித்தனியாகவே இருக்க, வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகியிருந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றினாலே அடுத்த மொழியின் வாக்கியம் தயார். தாராவி, செம்பூர் பிள்ளைகளின் பேச்சில் என்ன நடக்கிறது என்று கேட்க இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது. பெயர், எண்களை நீக்கிவிட்டு இருபது குறுஞ்செய்திகளைக் கரும்பலகையில் எழுதினால் ஒரு வாரப் பாடம் ஓடும்.

"உன் தமிழ் கெட்டுப்போச்சு" என்று தாராவிப் பையனிடம் நாலு தடவை சொன்னால் ஐந்தாவது தடவை அவன் இந்தியில் பதில் சொல்வான். பிறகு தொடரியல் நடத்த வாக்கியமே இருக்காது.

தளர்ந்திருக்கும் இடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. "மெசேஜ்கள் வந்தது" என்றுதான் அவன் எழுதுவான், 'வந்தன' வராது. ஆனால் அந்தப் பழியை போன்மீதோ மும்பைமீதோ போட முடியாது. "மாடுகள் வந்தது" என்று திருநெல்வேலியிலும் சொல்கிறார்கள்.