தேக்கடியில் ஒரு பகல்

பறவை பார்ப்பதென்றால் கோடியக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் போக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சகோதரிகளே, கடலே இல்லாத தேனி ஜில்லாவில் வாழ்க்கைப்பட்டவள் என்ன செய்வாள்? அவள் ஏமாற வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில் மலையேறினால், வளைந்து வளைந்து போகும் நீண்ட நீர்க்கரை ஒன்று அவளுக்காகக் காத்திருக்கிறது. அதுதான் பெரியாறு ஏரி. தேக்கடி என்றால் உங்களுக்கு உடனே விளங்கும்.

சென்ற பங்குனியில் சிநேகிதிகள் நாங்கள் நால்வர் தேனியிலிருந்து விடியுமுன் கிளம்பினோம். ஒருத்தி பள்ளி ஆசிரியை, ஒருத்தி பாங்கில் வேலை பார்ப்பவள், இன்னொருத்தி வீட்டையே ஆபீஸாக வைத்து ஆள்பவள். நாலாவது, உங்களுக்குத் தெரிந்த இந்தப் பேனாக்காரிதான்.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வழியெல்லாம் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் ஊர் இது. லோயர் காம்ப் வந்ததும் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவதைக் காணலாம். மேலே உள்ள ஏரி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, இங்கே மின்சாரம் கொடுத்துவிட்டு, பிறகு வயலுக்குப் போகிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை 1895-இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுவிக் என்ற எஞ்சினீயர். வறண்டு கிடந்த பூமி இரண்டு போகம் கண்டது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதியன்று இந்தப் பக்கத்து மக்கள் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் ஆச்சரியம் என்ன?

அந்தச் சோற்றுக்கு ஒரு விலையும் உண்டு. அதைத் தேக்கடியில் படகேறினால் கண்ணால் பார்க்கலாம். அணையில் நீர் தேங்கியபோது ஒரு பெரிய காடு மூழ்கிப் போயிற்று. மூழ்கிய மரங்களில் பல, கிளையும் இலையும் இழந்து, கரிய தூண்களாக இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது! செத்த மரங்கள்தாம்; ஆனால் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார்.

"காக்காய் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்றாள் பாங்குக்காரி.

அது காக்காய் அல்ல, நீர்க்காகம். பக்கத்து மரத்தில் இரு சிறகையும் விரித்து வைத்துக்கொண்டு, கொடியில் புடவை உலர்த்துவது போல் நின்றது பாம்புத்தாரா. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது; இதன் இறகோ நன்றாக நனைந்துவிடும். ஆகவேதான் ஆழத்தில் சுலபமாக மூழ்கி, ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தி எடுக்க முடிகிறது. குளித்து முடித்தால் வெயிலில் காய்ந்தே ஆக வேண்டும். நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரிவதால்தான் அதற்கு அந்தப் பெயர். நீருக்குள் 'பாம்பு, பாம்பு!' என்று முதலில் கண்டு கூவியவள் யார் தெரியுமா? அதே பாங்குக்காரி!

கோடைதான் இங்கே நல்ல சமயம். நீர் வற்ற வற்றக் கரையோரம் ஈரமண் வெளிப்பட்டு, இளம்புல் தளிர்க்கிறது. அதை மேயக் காட்டெருமையும் மிளாவும் இறங்கி வருகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் யானையும் வரும். எங்களுக்கு நீர்நாய்க் குடும்பம் ஒன்று தரிசனம் கொடுத்தது. மீனைக் கரைக்கு இழுத்து வந்து அவை பங்கு போட்ட சத்தம், விடுமுறை நாளில் நம் வீட்டுச் சாப்பாட்டுக் கூடம் போலவே இருந்தது.

சற்றைக்கெல்லாம் எதிர்க்கரையில் காட்டெருமைக் கூட்டம். முன் வரிசையில் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "உட்காருங்கம்மா! யாரும் எழுந்திருக்கக் கூடாது!" என்று படகுக்காரர் போட்ட அதட்டலில் எல்லோரும் அடங்கினோம்.

அந்த அதட்டல் வெறும் அதிகாரம் அல்ல. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை இதே ஏரியில் இரட்டைத் தட்டுப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் விலங்கைக் கண்டதும் பலர் ஒரே பக்கமாகத் திரண்டார்கள் என்றும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள் என்றும் அன்றைய செய்திகள் கூறின. பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் நீரின்மேல் அந்த ஆசைக்கும் ஓர் அடக்கம் வேண்டும். உயிர்காப்பு அங்கி கசகசக்கிறது, புடவை கசங்குகிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்கும் அதன் அளவுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கி அணிவியுங்கள்.

படகிலிருந்து இறங்கிய பிறகு வழிகாட்டி ஒருவருடன் காட்டுக்குள் நடந்தோம். உயரத்தில் யாரோ கரகரவென்று சிரிப்பது போல் குரல் கேட்டது. அது இருவாச்சி. இதன் இல்லறத்தைக் கேளுங்கள்: பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் இடைவெளி மட்டும் விட்டு முட்டையிட்டு அடைகாக்கும். வாரக்கணக்கில் அதற்கும் பின்னர் குஞ்சுக்கும் பழம் கொண்டுவந்து ஊட்டுவது ஆணின் வேலை. அந்த ஆண் வேட்டைக்கு இரையானால் உள்ளே இருக்கும் குடும்பத்தின் கதி என்ன? அதுவும் போக, இத்தகைய பொந்து முதிர்ந்த மரத்தில்தான் அமையும். ஒரு கிழ மரம் சாய்ந்தால் ஒரு வீடு போயிற்று.

இந்த மரங்களைக் காத்ததில் நம் இனத்துக்கும் பங்குண்டு. 2002-இல் தேக்கடிப் பக்கத்துப் பெண்கள் 'வசந்த சேனை' என்று ஒரு குழு சேர்ந்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, சம்பளம் எதிர்பாராமல், முறை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவல் பார்த்தார்கள். சந்தன மரம் வெட்ட வருபவனுக்கு எதிரே நிற்கத் துணிந்த குடும்பப் பெண்கள்!

1934-இல் திருவாங்கூர் சமஸ்தானம் சரணாலயமாக்கிய இடம், 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. 2021-இல் நம் பக்கத்து மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் சேர்ந்து இன்னொரு காப்பகமாயின. எல்லைக்கோடு மனிதருக்குத்தான், யானைக்கும் இருவாச்சிக்கும் அது ஒரே காடு.

போக உத்தேசித்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை முதல் படகில் போங்கள். பளிச்சென்ற நிறத்தையும் கொலுசுச் சத்தத்தையும் வீட்டில் விட்டுவிடுங்கள். ஒரு பைனாகுலரும், குழந்தை கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். முறுக்குப் பொட்டலத்தைக் குரங்கின் கண்ணில் காட்ட வேண்டாம். முக்கியமாக, அரை மணி நேரமாவது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் நால்வரில் அதற்குத்தான் மிகவும் சிரமப்பட்டோம். ஆனால் நாங்கள் பேச்சை நிறுத்திய பிறகுதான் நீர்நாய்கள் வெளியே வந்தன!