மூளைக்குச் சத்தம் வாங்க முன் காதைப் பாருங்கள்



புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள்: "சேர், பிள்ளையின் மூளைக்கு ஏற்ற மாதிரி சத்தம் போடும் எப் ஒன்று இருக்காம். காசு கட்டி எடுக்கவா?"

அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

1993இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களுக்குப் 10 நிமிடம் மொசார்ட் இசையைக் கேட்கக் கொடுத்தார்கள். வடிவங்களை மனதுக்குள் மடித்துப் பார்க்கும் பயிற்சியில் கொஞ்சம் கூடுதல் புள்ளி வந்தது. அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. சிறுபிள்ளைகள் யாரும் அதில் இல்லை. ஆனாலும் 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்க அரச பணம் கேட்டார்!

ஒலியால் பயனே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2013இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது. தூங்குகிறவரின் தலையில் கருவி பொருத்தி, அவருடைய மூளை அலை எழும் நேரம் பார்த்து மெல்லிய ஒலி கொடுத்தார்கள். இரவு படித்த சொற்கள் காலையில் கூடுதலாக நினைவிருந்தன. நேரம் பிசகினால் பலனில்லை. பங்கெடுத்தவர்களும் 11 பேர்தான். இயர்போனை மட்டும் மாட்டினால் போனுக்கு உங்கள் பிள்ளையின் மூளை அலை தெரியுமா? அதோடு, அங்கே வேலை செய்தது ஆழ்ந்த தூக்கம். இரவு பத்து மணிவரை ரியூஷனுக்கு அனுப்பி, அதே தூக்கத்தை நாமே பறிக்கிறோம்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறோம். எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை இருந்தான். சொல்வதெழுதலில் எப்போதும் பிழை. "கவனமில்லாதவன்" என்று நாங்களே பெயர் வைத்தோம், ஏசினோம். பிறகுதான் தெரிந்தது, நடுக்காதில் நீர் தேங்கியிருந்ததாம். அவனுக்கு நாங்கள் பேசியதே சரியாகக் கேட்கவில்லை. சிகிச்சையும் முன் வாங்கும் கிடைத்த பிறகு அவன் வேறு பிள்ளை. ஏசிய ஏச்சை மட்டும் எங்களால் திருப்பி எடுக்க முடியவில்லை.

பிள்ளை டீவி சத்தத்தைக் கூட்டுகிறதா? கூப்பிட்டால் "ஆ?" என்கிறதா? காதில் சீழ் வடிகிறதா? அரசாங்க ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காசில்லாமல் காட்டலாம்.

எப்புக்குக் கட்டும் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும். முதலில் காதைக் காட்டுங்கள், நேரத்தோடு தூங்க விடுங்கள். முன் வாங்கில் இடம் தருவது எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.