இரத்தம் ஒரு கதை, சாணம் ஒரு கதை

மாடு மெலிகிறது, பால் குறைகிறது, தாடைக்குக் கீழே நீர் கோர்த்துப் பை மாதிரி தொங்குகிறது. கம்பத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று ஈரல் புழு. வயல், வாய்க்கால் ஓரத்து நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். மாடு மேயும்போது உள்ளே போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கச் சாணத்தில் முட்டை தேடுவதுதான் பழைய வழக்கம். ஆனால் நம் பக்கத்து மாடுகளில் காணும் ஃபாசியோலா ஜைகான்டிகா வகை, முட்டையிடவே மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவரை குட்டிப் புழுக்கள் ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும். சாணமோ ‘ஒன்றும் இல்லை’ என்று சாதிக்கும்!

இரத்தம் முந்திக்கொள்கிறது. புழு நுழைந்த இரண்டிலிருந்து நான்கு வாரங்களில், அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை ‘எலைசா’ பரிசோதனை காட்டிவிடும். ஈரல் என்சைம்களையும் பார்ப்பார்கள். ஈரல் திசு சிதைந்தால் ‘ஜிஎல்டிஎச்’ ஏறும், பித்தக்குழாய் புண்ணானால் ‘ஜிஜிடி’ ஏறும். ஆனால் இவை சேதத்தைச் சொல்லுமே தவிர, செய்தது யார் என்று சொல்லாது.

சரி, எலைசாவில் ‘பாசிட்டிவ்’ என்றால்? அந்த மாடு புழுவைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்து கொடுத்துப் புழு செத்த பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். சீம்பால் குடித்த கன்றுக்குட்டிக்குப் புழுவே இல்லாமலும் பாசிட்டிவ் வரலாம், தாய் கொடுத்த சொத்து அது.

இது தெரியாமல், ‘மருந்து போட்டும் குணமாகவில்லை’ என்று நல்ல மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான். தேவையில்லாமல் திரும்பத் திரும்ப மருந்து போடுவதும் ஆபத்து. குட்டிப் புழுவையும் கொல்லும் டிரைக்லாபெண்டசோலுக்கு அடங்காத புழுக்கள், 1995-லேயே ஆஸ்திரேலியச் செம்மறி ஆடுகளில் பதிவாகிவிட்டன.

மருந்து வேலை செய்ததா என்று அறிய, சாணத்துக்குத்தான் திரும்ப வேண்டும். முட்டை எண்ணலாம், புழு கழிக்கும் பொருளைச் சாணத்தில் தேடும் எலைசாவும் உண்டு.

கால்நடை மருத்துவர் ஊசியோடு வரும்போது கடைசியாக மருந்து கொடுத்த தேதி, மாடு எங்கே மேய்கிறது, எப்போது வாங்கியது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கறவை மாடு என்றால் அதை முதலில் சொல்லுங்கள். பால் கறக்கும் காலத்தில் சில புழு மருந்துகளைக் கொடுக்கவே கூடாது.