படம் வரைந்தவரைத் தெரியும், அச்சடித்தவரைத் தெரியுமா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக நம் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம் பூஜை அறையில் இருக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களை நமக்குக் கொடுத்தவர் ராஜா ரவிவர்மா, ஏழைகளுக்காக லாபமே பார்க்காமல் அச்சடித்துக் கொடுத்த மகான் அவர் என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. இதே குழுவில்தான் போன மாதம் ஒரு வரன் பேச்சு வந்தபோது, "பையன் பிரஸ்ஸில்தானே வேலை" என்று ஒருவர் எழுதினார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அச்சுப் படத்துக்குக் கும்பிடு, அச்சடிப்பவனுக்கு இளக்காரம். இது என்ன நியாயம்?

முதலில் அந்த மகான் கதை. ரவிவர்மா பெரிய ஓவியர், சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய அச்சகம் தர்ம சத்திரம் இல்லை, வியாபாரம். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சில் பெருக்கலாம் என்று அவருக்கு யோசனை எழுதியவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ். பிறகு ரவிவர்மாவும் அவர் தம்பி ராஜராஜ வர்மாவும் 1894இல் பம்பாயிலேயே அச்சகம் தொடங்கினார்கள். கூட்டாளி ஒரு பம்பாய் வியாபாரி. இயந்திரமும் தொழில்நுட்பம் தெரிந்த ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். பம்பாயில் பிளேக் பரவியது, கடன் ஏறியது. அச்சகத்தை லோனாவாலா பக்கம் மளவலிக்கு மாற்றினார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. அங்கே வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே 1900களின் தொடக்கத்தில் விற்றுவிட்டார்கள்.

இதைச் சொன்னால் ரவிவர்மாவுக்குக் குறைவு வந்துவிடாது. வியாபாரம் செய்வது பாவமா என்ன? கவனிக்க வேண்டியது வேறு. ரவிவர்மா 1906இல் இறந்துவிட்டார். அச்சகமோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. சாமி படங்களோடு லேபிள், விளம்பரம் என்று வேலை எடுத்துப் பிழைத்தது. நம் பாட்டிமார் ஜிகினாவும் பட்டுத் துணியும் ஒட்டி அலங்கரித்து வைத்திருந்த படங்களில் பல, அவர் அந்த அச்சகத்தைக் கைகழுவிய பிறகு வந்தவை. அவற்றை நம் வீடு வரை கொண்டுவந்தவர்கள் யார்?

அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் "பிரஸ்தானே" என்று வாய் வராது. அது கல் அச்சு. பவேரியாவில் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். ஒரு கல்லுக்கு ஒரு நிறம். ஒரு லட்சுமி படத்துக்குப் பத்துக் கல்லுக்கு மேலும் ஆகலாம். மூல ஓவியத்தைப் பார்த்து, இந்தச் சேலைச் சிவப்பில் எத்தனை நிறம் கலந்திருக்கிறது என்று கண்ணாலேயே பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கல்லில் புள்ளி புள்ளியாக வைத்தவர் ஒரு தொழிலாளி. அதே தாள் அத்தனை கல்லிலும் ஏறி இறங்க வேண்டும். மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

"என்ன இருந்தாலும் நகல்தானே டீச்சர்" என்று கேட்பீர்கள். தாளம் தப்பாமல் மிருதங்கம் வாசிப்பவரைப் பார்த்து, பாட்டு உங்களுடையது இல்லையே என்று சொல்வோமா? இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான 'ராஜா ஹரிச்சந்திரா'வை 1913இல் எடுத்த தாதாசாகேப் பால்கே அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர்தான். அவர் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம் சினிமா. கல்லின் முன் குனிந்தே காலம் கழித்த மற்றவர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? 1972இல் தீப்பிடித்து அந்த அச்சகமும் அழிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். கோவில்பட்டியில் கொண்டைய ராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக ஊர் ஊராகப் போயின. அவர் பெயராவது சிலருக்குத் தெரியும். அச்சடித்த மிஷின்மேன்களை யார் கேட்டோம்? இன்று கல்லுக்குப் பதில் பிளேட், பத்து நிறத்துக்குப் பதில் நாலு கலர். ஆனால் ரிஜிஸ்டர் விலகாமல் பார்க்கும் கண் இன்னும் மனிதக் கண்தான். என்னிடம் அ, ஆ படித்த பிள்ளைகள் சிலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்களும் இந்தக் குழுவில் இருந்துகொண்டு அந்த "பிரஸ்ஸில்தானே"வைப் படித்திருப்பார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

ஆகவே இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள், ரவிவர்மா பற்றிப் பாடம் எடுக்கும்போது அந்தக் கல்லையும் அதில் புள்ளி வைத்தவர்களையும் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். வரன் பார்க்கும் சொந்தக்காரர்கள் பையனின் குணத்தையும் சம்பளத்தையும் தாராளமாக விசாரியுங்கள். பிரஸ் வேலை என்பதற்காக மட்டும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கும்பிடு மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.