சீசனில் சவாரி, சீசன் முடிந்தால் தெரு! ஊட்டி குதிரைகளுக்கு விடிவு எப்போது?

ஊட்டி:

கோடை சீசனில் குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஜம்முன்னு போன குதிரை, மழை தொடங்கியதும் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு நிற்கிறது. ஊட்டிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. வருஷா வருஷம் பார்க்கிற காட்சிதான்.

சேரிங்கிராஸ், கமர்சியல் சாலை, மார்க்கெட், பஸ் நிலையம் என கேட்பாரற்று குதிரைகள் சுற்றித் திரிகின்றன. இரவில் நடுரோட்டில் நிற்கின்றன. வளைவில் திரும்புகிற பைக்காரர் பிரேக் பிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. பொதுமக்கள் புகார் செய்வதும், குதிரையைப் பிடித்து பட்டியில் அடைப்பதும், அபராதம் கட்டி மீட்பதும், கொஞ்ச நாளில் அதே குதிரை அதே ரோட்டில் நிற்பதும் வாடிக்கையாகி விட்டது.

மாற்றி மாற்றி இதையே செய்தும் ஏன் தீரவில்லை?

நாய் வேறு, குதிரை வேறு

தெருநாய்க்கு சொந்தக்காரர் கிடையாது. அதனால் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பு தலையில் விழுகிறது. கருத்தடை செய்து, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு விதி. 2025 ஆகஸ்டு 22-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. வெறி பிடித்த, கடிக்கிற குணம் உள்ள நாய்களுக்கு மட்டும் விலக்கு. பிறகு நவம்பர் 7-ந்தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை திரும்ப அங்கே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. சரியோ தப்போ, நாய்க்கு என்று ஒரு வழிமுறை இருக்கிறது.

குதிரை கதை அப்படி இல்லை. காட்டில் இருந்து எந்தக் குதிரையும் ஊட்டி மார்க்கெட்டுக்கு வரவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கினார், சேணம் கட்டினார், சம்பாதித்தார். கால் நொண்டியதும், வயசானதும், கூட்டம் குறைந்ததும் அவிழ்த்து விட்டவரும் ஒரு மனுஷன்தான். ஆக, தெருக்குதிரை என்று ஒரு ஜாதியே கிடையாது. முதலாளி பெயர் தெரியாத குதிரை, அவ்வளவுதான்.

அந்த நவம்பர் 7 உத்தரவிலேயே, நெடுஞ்சாலைகளில் திரியும் மாடு உள்ளிட்ட கால்நடைகளை அகற்றி காப்பகத்தில் சேர்க்கவும் சொல்லி இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் காப்பகத்தில் சேர்க்க, மறுபக்கம் அவிழ்த்து விட்டுக்கொண்டே இருந்தால் எத்தனை காப்பகம் கட்டினாலும் போதாது.

10 ரூபாய் அபராதம்!

வளர்த்த பிராணியை பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம் என்று 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டம் சொல்கிறது. தண்டனை எவ்வளவு தெரியுமா? முதல் தடவை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். குதிரையில் ஒரு ரவுண்டு போவதற்கே அதைவிட அதிகம் கேட்பார்கள். இதற்கு யார் பயப்படுவார்கள்?

இன்னொரு விதியும் இருக்கிறது. பொதி சுமக்கும் மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது, ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வு இல்லாமல் தொடரக்கூடாது என்கிறது 1965-ம் ஆண்டு விதி. மே மாதக் கூட்டத்தில் இதை எடை போட்டுப் பார்க்கிறவர் யார்?

வாந்தி எடுக்க முடியாத பிராணி

குதிரைக்கு வயிறு சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க புல் மேய வேண்டிய பிராணி அது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு தினமும் சுமார் 6 கிலோ காய்ந்த தீவனமும், 20 லிட்டருக்கு குறையாமல் தண்ணீரும் வேண்டும்.

தெருவில் கிடைப்பது என்ன? மிச்ச சாதம், அழுகிய காய்கறி, சோளக்கட்டை, அதோடு சேர்ந்து பிளாஸ்டிக் பை. மற்ற பிராணிகளைப் போல குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பிளாஸ்டிக் குடலை அடைத்தால், வலியில் புரண்டு புரண்டு துடித்து சாகும். பாவம், வாய் விட்டு சொல்லவும் தெரியாது.

தமிழ்நாடு முழுக்க பிளாஸ்டிக் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். நீலகிரியிலோ அதற்கு பல வருஷம் முன்பே தடை வந்தாச்சு. ஆனாலும் குப்பைத்தொட்டியை மூடி வைக்காத வரை குதிரைக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு.

குதிரைக்காரர் பிழைப்பு

எல்லா பழியையும் குதிரைக்காரர் மேல் போடுவதும் நியாயம் இல்லை. அவர்களுக்கு வருமானம் ஏப்ரல், மே மாதங்களில். அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம். மற்ற மாதங்களில் கையில் காசு இருக்காது, குதிரைக்கு மட்டும் தினமும் பசிக்கும். வீட்டில் அரிசி வாங்குவதா, குதிரைக்கு கொள்ளு வாங்குவதா என்று வந்தால் எது ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அபராதத்தை மட்டும் ஏற்றினால், குதிரையை மீட்க யாரும் வரமாட்டார்கள். அதுவும் குதிரை தலையில்தான் விடியும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஒவ்வொரு குதிரைக்கும் தனி அடையாளம். மாட்டுக்கு காதில் 12 இலக்க எண்ணுடன் வில்லை மாட்டுகிறார்கள். குதிரைக்கு கழுத்தில் மைக்ரோ சிப் வைத்தால் போதும். ரோட்டில் பிடிபட்ட நிமிஷமே முதலாளி யார் என்று தெரிந்துவிடும். கேதார்நாத் பாதையில் பக்தர்களை சுமக்கும் குதிரைகளை பதிவு செய்துதான் விடுகிறார்கள். அங்கே முடிவது இங்கே முடியாதா?

இரண்டாவது, வருஷம் ஒரு தடவை குதிரையை நேரில் காட்டினால்தான் சவாரிக்கு அனுமதி. செத்திருந்தால் டாக்டர் சான்று, விற்றிருந்தால் வாங்கினவர் பெயர். காணவில்லை என்ற பேச்சுக்கே இடம் இருக்கக்கூடாது.

மூன்றாவது, சீசன் காசில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது. ஒவ்வொரு சவாரிக்கும் சில ரூபாய் தனியாக எடுத்து, கூட்டம் இல்லாத மாதங்களில் தீவனத்துக்கும் லாடத்துக்கும் வயசான குதிரைகளை வைத்து காப்பாற்றவும் கொடுக்கலாம். சம்பாதித்துக் கொடுத்த குதிரைக்கு பென்ஷன் மாதிரி.

இதில் சுற்றுலா வருகிறவர்களுக்கும் பங்கு உண்டு. ஏறுவதற்கு முன்னால் குதிரையை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா, சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, நொண்டுகிறதா? இருந்தால் ஏறாதீர்கள், ஏன் என்று குதிரைக்காரரிடமே சொல்லுங்கள். நல்லா வளர்த்த குதிரைக்குத்தான் சவாரி கிடைக்கும் என்று தெரிந்தால் தீவனம் தானாக வரும். பாசத்தில் பிஸ்கட், சிப்ஸ் போடவும் வேண்டாம். ரோட்டில் அடிபட்டு கிடந்தால் 1962 என்ற எண்ணுக்கு போன் செய்தால் கால்நடை ஆம்புலன்சு உதவி கிடைக்கும்.

2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில், சாதாரண நாளில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம் வண்டிகள்தான் என்று ஐகோர்ட்டு உத்தரவுப்படி கணக்கு வைத்தார்கள். வெளியூரில் இருந்து வரும் ஒவ்வொரு காரையும் எண்ண முடிகிற ஊரில், உள்ளூர் குதிரைகளை எண்ணுவது பெரிய காரியமா?

அடுத்த சீசன் தொடங்கும் முன்பாவது மாவட்ட நிர்வாகமும், நகராட்சியும், கால்நடைத்துறையும் குதிரைக்காரர்களை கூப்பிட்டுப் பேசி கணக்கெடுப்பை தொடங்க வேண்டும் என்பதே ஊட்டி மக்களின் எதிர்பார்ப்பு.