‘ரூட்’ பாஸ்வேர்டைத் தராதீர்கள்

டேட்டாபேஸ் பழகத் தொடங்கும் பலரும் கேட்கும் கேள்வி இது: “பிஎச்பிமைஅட்மினில் அனுமதி இல்லை என்று வருகிறது. என்ன செய்வது?” எல்லா அதிகாரமும் உள்ள ‘ரூட்’ யூசராக நுழையுங்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் கிடைக்கும். இது தவறான யோசனை என்பது என் கருத்து. அதே யோசனையைச் சொல்லி அவதிப்பட்டவன் நான்.

மாமல்லபுரத்தில் என் மைத்துனர் சிறிய லாட்ஜ் நடத்துகிறார். அங்குள்ள கம்ப்யூட்டரில் எக்ஸாம்ப் தொகுப்பை நிறுவி, அறை முன்பதிவுக்கு டேட்டாபேஸ் அமைத்துக் கொடுத்தேன். வரவேற்பில் இருக்கும் தம்பிக்குத் தகவல்களைப் பார்க்க, சேர்க்க, திருத்த மட்டும் அனுமதி தந்திருந்தேன். ஒரு நாள் செங்கல்பட்டில் இருந்த எனக்குப் போன் செய்தார். “அண்ணே, வண்டி நம்பர் போட புதுசா ஒரு இடம் சேர்க்கணும். ‘ஆல்டர் கமாண்ட் டினைடு’ன்னு வருது.” சோம்பல்பட்டு ரூட் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன்.

அந்த வேலை முடிந்தது. பாஸ்வேர்டு மட்டும் அவரிடமே இருந்தது. காணும் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, சோதனைக்காக வைத்திருந்த டேபிளை நீக்கப் போனவர், அடுத்த வரியில் இருந்த முன்பதிவு டேபிளின் ‘ட்ராப்’பைக் கிளிக் செய்தார். உறுதி கேட்ட பெட்டியிலும் ஓகே கொடுத்தார். டேட்டாபேஸில் ரீசைக்கிள் பின் கிடையாது. கடைசி பேக்கப் மூன்று வாரம் பழையது. மீதியை ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து இரவெல்லாம் டைப் செய்தோம். போனில் மட்டும் பதிவு செய்திருந்த இரண்டு குடும்பங்கள் குழந்தைகளுடன் வந்து நின்றபோது அறை இல்லை.

தவறு என்னுடையது. லாட்ஜில் தங்க வருபவருக்கு அவர் அறைச் சாவியைத்தான் தருகிறோம். மாஸ்டர் சாவியை யாராவது தருவார்களா?

நான் செய்திருக்க வேண்டியது எளிது. ரூட்டாக நுழைந்து, அந்த டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து, ‘ப்ரிவிலெஜஸ்’ பகுதியில் அந்த யூசருக்கு ‘ஆல்டர்’ மட்டும் டிக் செய்தால் போதும். வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிட வேண்டும். ஏனெனில், ஆல்டர் அனுமதியைக் கொண்டும் டேபிளின் நெட்டு வரிசைகளை அழிக்கலாம்.

“வீட்டில் நான் ஒருவன்தானே?” என்பீர்கள். உங்கள் கையும் தவறும். தினசரி வேலைக்குக் குறைந்த அனுமதியுள்ள யூசரே நல்லது.

இன்னொன்று. விண்டோஸில் எக்ஸாம்ப் நிறுவும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்டே இருக்காது. 2002 மே மாதம் ‘ஸ்பைடா’ என்ற வோர்ம், ‘எஸ்ஏ’ என்ற தலைமை யூசருக்குப் பாஸ்வேர்டு வைக்காத மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வர்களைத் தேடித் தேடிப் புகுந்தது. எனவே பாஸ்வேர்டு வையுங்கள். பிறகு பிஎச்பிமைஅட்மினின் கான்பிக் பைலில் ‘ஆத் டைப்’ என்ற இடத்தில் ‘கான்பிக்’ என்பதை ‘குக்கி’ என மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்களாலேயே உள்ளே போக முடியாது.

இவற்றையெல்லாம் தொடும் முன் ‘எக்ஸ்போர்ட்’ செய்து, பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று அதையும் செய்யவில்லை.