ஆடி முடிச்ச பிறகு எங்க போறது?

இலங்கை தேசிய உதைபந்தாட்ட அணிக்குப் புதுசா ஒரு வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் வாறார் எண்ட செய்தி வந்தால் போதும், எங்கட வட்ஸ்அப் குழுக்கள் இரண்டு நாளைக்குச் சூடாகிவிடும். ஆள் எங்க ஆடினவர், எந்தக் கழகத்தைப் பயிற்றுவித்தவர், யூரியூப்பில் அவருடைய பழைய கோல் ஏதும் கிடக்குதா எண்டு தேடுவம். கொஞ்சக் காலம் கழிச்சு அணி தோற்கும். "இவருக்கு ஒண்டும் தெரியாது" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருப்பம்.

அப்படி வந்துபோனவர்களில் ஒருவர் ஸ்கொட்லாந்துக்காரரான அண்டி மொரிசன். அவருடைய கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், நாங்கள் பிழையை எப்பவும் தவறான இடத்தில்தான் தேடுகிறோம் எண்டு விளங்கும்.

மொரிசன் 1970இல் இன்வெர்னஸ் நகரில் பிறந்தவர். நடுப் பின்கள வீரர். பிளிமத், பிளக்பேர்ன், பிளக்பூல், ஹடர்ஸ்ஃபீல்ட் எண்டு பல கழகங்கள் சுற்றி, 1998இல் மன்செஸ்டர் சிற்றிக்கு வந்தார். அவருக்குச் சிற்றி குடுத்த விலை 80,000 பவுண். இண்டைக்கு அந்தக் கழகத்தின் நட்சத்திர வீரர் ஒருவர் ஒரு கிழமையில் அதைவிடக் கூட உழைக்கிறார். ஆனால் அப்ப சிற்றி, இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் விழுந்து கிடந்த கழகம். 1999 மே 30இல் வெம்பிளியில் கிலிங்கம் அணிக்கெதிரான தரமுயர்வு இறுதிப்போட்டி. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சிற்றி 2-0 எண்டு பின்னுக்கு நிண்டது. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துச் சமப்படுத்தி, பெனால்டியில் வென்றது. அந்த அணியின் தலைவர் மொரிசன்தான். அண்டைக்குத் தோற்றிருந்தால் இப்ப நாங்கள் ஜேர்சி வாங்கிப் போடுற சிற்றி எப்படி இருந்திருக்கும் எண்டு யாருக்குத் தெரியும்?

முழங்கால் காயம் அவருடைய ஆட்டத்தை முடித்து வைத்தது. அதுக்குப் பிறகு அவர் நேரடியாகப் பெரிய கழகம் எதுக்கும் போகவில்லை. ஆள் வராத சின்ன மைதானங்களில், கீழ்நிலை லீக்குகளில் பல வருசம் பயிற்றுவிப்பு வேலை பழகினார். 2015இல் வேல்ஸ் நாட்டின் கொனாஸ் கீ நோமட்ஸ் கழகத்தைப் பொறுப்பெடுத்தார். கொனாஸ் கீ, டீ ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு பழைய துறைமுக ஊர். எங்கட திருகோணமலை நகரத்தைவிடச் சின்னன். அந்த ஊர் அணி 2018இல் வேல்ஸ் கிண்ணத்தை வென்றது. 2019இல் யூரோபா லீக் தகுதிச் சுற்றில் ஸ்கொட்லாந்தின் கில்மார்னொக் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 எண்டு அடித்து வெளியேற்றியது. எட்டு வருசமாகத் தொடர்ந்து வேல்ஸ் லீக்கை வென்றுகொண்டிருந்த த நியூ செயின்ட்ஸ் கழகத்தின் ஆதிக்கத்தை உடைத்து, 2019-20, 2020-21 எண்டு இரண்டு பருவம் அடுத்தடுத்து சம்பியனானது.

இந்த மனிசன்தான் 2022இல் இலங்கைக்கு வந்தார். "ஒண்டும் தெரியாதவர்" எண்டு சொல்ல ஏலாது.

வந்த இடத்தில் என்ன இருந்தது? நாடு பெற்றோல் வரிசையில் நிண்ட வருசம் அது. 2022 ஜூனில் உஸ்பெகிஸ்தானில் நடந்த ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து, மாலைதீவு மூன்றிடமும் தோற்றோம். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2023 ஜனவரியில், சம்மேளன விவகாரங்களில் அரசாங்கத் தலையீடு எண்டு சொல்லி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்கினது ஓகஸ்ட் மாதக் கடைசியில். இடைப்பட்ட ஏழு மாதத்தில் ஒரு சர்வதேசப் போட்டி கிடையாது. பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்துக்கும் போக முடியவில்லை. தடை நீங்கி ஆறு கிழமையில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி. யேமனிடம் முதல் ஆட்டத்தில் 3-0 தோல்வி, கொழும்பில் 1-1 சமநிலை, அத்தோடு வெளியே.

ஒரு பயிற்றுவிப்பாளரிடம் பந்தையும் எடுத்து, மைதானத்தையும் பூட்டிப்போட்டு, பிறகு பெறுபேறு கேட்கிற கதை இது.

இதே காலத்தில் பக்கத்து நாட்டில் இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் வேலை செய்துகொண்டிருந்தார். ஓவன் கோயில், பெய்ஸ்லி ஊரில் பிறந்தவர், முன்கள வீரராக இருந்தவர். 2019 டிசம்பரில் சென்னையின் எஃப்.சி. அணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தபோது பொறுப்பெடுத்தார். 2020 மார்ச்சில், கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில், அதே அணி ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி ஆடியது. ஏ.டி.கே.யிடம் 3-1 எண்டு தோற்றாலும் அந்த ஏற்றத்தை சென்னை ரசிகர்கள் இண்டைக்கும் சொல்லுவினம். பிறகு ஜம்ஷெட்பூர் போய், 2021-22 பருவத்தில் லீக் கேடயத்தை வாங்கிக் குடுத்தார்.

இரண்டு பேரும் ஒரே உதைபந்தாட்ட மரபில் வளர்ந்தவர்கள். ஒருவர் வென்றார், மற்றவர் வெறுங்கையோடு போனார். கோயில் கெட்டிக்காரர், மொரிசன் மட்டமானவர் எண்டு விளக்கினால் கதை லேசாக முடிஞ்சிடும். ஆனால் கோயிலுக்கு மாதச் சம்பளம் வாங்குகிற வீரர்கள் இருந்தார்கள், பருவம் முழுக்கப் போட்டி இருந்தது, உடற்சிகிச்சையாளரும் உதவிப் பயிற்றுவிப்பாளர்களும் இருந்தார்கள். எங்கட பக்கம், 2021இல் பத்துக் கழகங்களோடு பெரிசாகத் தொடங்கின சூப்பர் லீக் அந்த ஒரு பருவத்தோடு நிண்டுபோனது. அந்தப் பத்துக் கழகத்தில் வடக்கு கிழக்கைச் சேர்ந்தது ஒண்டுகூட இல்லை எண்டதையும் மறக்க வேண்டாம்.

சரி, ஸ்கொட்லாந்தில் மட்டும் ஏன் இத்தனை பயிற்றுவிப்பாளர்கள்? மொத்தச் சனத்தொகை 55 இலட்சம் அளவில்தான். இலங்கையின் கால்வாசி. ஆனால் மன்செஸ்டர் யுனைட்டட்டைக் கட்டியெழுப்பின மெட் பஸ்பி, லிவர்பூலைக் கட்டியெழுப்பின பில் ஷங்க்லி இருவரும் அங்கத்தைய நிலக்கரிச் சுரங்கக் கிராமங்களில் பிறந்தவர்கள். இரண்டு பேரும் இண்டைய கணக்கில் மத்தியகள வீரர்கள். பிறகு சூனஸ், ஸ்ட்ரகன் எண்டு அந்த வரிசை நீளுது. 1997 சம்பியன்ஸ் லீக் இறுதியில் டோர்ட்மண்ட் அணிக்காக ஸிடேனைக் கட்டிப்போட்ட போல் லாம்பேர்ட்டும் மத்தியகள வீரர்தான். பிறகு நோரிச் அணியை அடுத்தடுத்து இரண்டு பருவத்தில் மூன்றாம் நிலையிலிருந்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். நடுவில் நிண்டு ஆடுறவனுக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியிருக்கு. எப்ப வேகம் கூட்டுறது, எப்ப பந்தைப் பிடிச்சு வைக்கிறது எண்டு மற்றவர்களுக்காகவும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கு. பயிற்றுவிப்பாளர் வேலையின் பாதி அதுதான்.

ஆனால் யோசிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் தானாகப் பயிற்றுவிப்பாளர் ஆகிவிடுவதில்லை. அதுக்கு ஒரு படிப்பு வேணும். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் லார்க்ஸ் எண்டு ஒரு சின்னக் கடற்கரை ஊர் இருக்கு. எதிரே இருக்கிற தீவுக்குப் படகு போகும். எங்களுக்கு மூதூர்ப் படகு மாதிரி. அந்த ஊரின் விளையாட்டு நிலையத்தில் ஸ்கொட்லாந்து சம்மேளனம் பல பத்தாண்டுகளாகப் பயிற்றுவிப்பாளர் பாடநெறி நடத்தியது. அலெக்ஸ் பேர்கசன் அங்க படித்தவர். போர்த்துக்கலில் இருந்து ஜோஸே மொரின்யோ அங்க வந்து படித்தார். ஆடி முடித்தவன் அடுத்து எங்க போறது எண்டு அந்த நாட்டில் ஒரு வழி போட்டு வைத்திருந்தார்கள்.

இப்ப எங்கட ஊருக்கு வருவம்.

மெக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ ஒரு சுற்றுப்போட்டி இறுதி எண்டால் சனம் நிறையும். கிண்ணியா, மூதூர், நிலாவெளி எண்டு எல்லா இடத்திலிருந்தும் பெடியள் வருவாங்கள். ஒவ்வொரு அணியிலும் நடுவில் ஒருத்தன் இருப்பான். கத்த மாட்டான், ஓடித் திரிய மாட்டான், ஆனால் பந்து அவனிடம்தான் வந்து போகும். முப்பது வயதுக்கு முன்னமே அவன் நிண்டுபோவான். கட்டார் போவான், கடலுக்குப் போவான், ஓட்டோ ஓட்டுவான், துறைமுகப் பக்கம் வேலைக்குப் போவான். இந்த வேலைகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இருபது வருசமாக அவன் காலிலும் தலையிலும் சேர்ந்த அறிவு அவனோடையே போயிடுது. அடுத்து வாற பத்து வயதுப் பிள்ளை திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்குது. எங்கட உண்மையான நட்டம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

பிள்ளைகளிடம் திறமை இல்லை எண்டு யாரும் சொல்ல வேண்டாம். விமல் யோகநாதன் எண்ட ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெடியன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடுற மத்தியகள வீரர். அவர் வளர்ந்தது வேல்ஸின் ட்ரெலோனிட் கிராமத்தில், மொரிசனின் கொனாஸ் கீ இருக்கிற அதே ஃபிளின்ட்ஷயர் மாவட்டத்தில். சின்ன வயதிலேயே லிவர்பூல் பயிற்சிக்கூடத்துக்குள் போனவர். அவருக்குப் பக்கத்தில் எப்பவும் படிச்ச பயிற்றுவிப்பாளர் ஒருவர் நிண்டார். எங்கட உப்புவெளிப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் நிக்கிறது?

"பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர் இருக்கிறார்தானே" எண்டு சொல்லலாம். இருக்கிறார். அவர்கள் இல்லாவிட்டால் இவ்வளவும்கூட இல்லை. ஆனால் அதே ஆசிரியர்தான் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும், வலைப்பந்துக்கும், மெய்வல்லுநர் போட்டிக்கும் ஓடவேணும். இடமாற்றம் வந்தால் அவர் போயிடுவார், அணியும் கலைஞ்சிடும். "காசு எங்க?" எண்டு கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சுற்றுப்போட்டிக்குப் பந்தல், ஒலிபெருக்கி, ஆளுயரக் கிண்ணம், பிரதம அதிதிக்குப் பொன்னாடை எல்லாத்துக்கும் காசு சேர்க்க எங்களால் முடியுது. புலம்பெயர்ந்த உறவுகளும் அனுப்புகிறார்கள். அதில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஒரு பழைய வீரரைப் பாடநெறிக்கு அனுப்பலாம், கிழமையில் மூண்டு பின்னேரம் அவருக்கு ஏதோ குடுக்கலாம்.

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்கள் டி, சி, பி, ஏ, ப்ரோ எண்டு படிப்படியாகப் போகும். கீழ்ப்படிக்கு ஏற, தேசிய அணியில் ஆடியிருக்கத் தேவையில்லை. அந்தப் பாடநெறி திருகோணமலையில், தமிழில், வேலைக்குப் போறவர்களும் வரக்கூடிய நாட்களில் நடக்கவேணும் எண்டு லீக்கிடமும் சம்மேளனத்திடமும் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. ஆடின பெண்களையும் அதுக்கு அனுப்பவேணும். மைதானத்தில் ஒரு அக்கா நிண்டால்தான் பல வீடுகளில் பிள்ளையை அனுப்புவினம்.

தேசிய அணிக்கு நல்ல வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் தேவையில்லை எண்டு நான் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் அவர் கையில் வருகிற வீரன் அதுக்கு முன்னம் பத்து வருசம் யாரிடமாவது பழகியிருக்க வேணும். அந்தப் பத்து வருசத்தைக் கொழும்போ பீபாவோ வந்து எங்களுக்குத் தரப்போறதில்லை.

அதனால் ஒரு சின்ன வேலை. உங்கட கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், ஜேர்சி நிறம் பற்றிக் கதைச்சு முடிஞ்ச பிறகு, எழும்பி மூண்டு கேள்வி கேளுங்க. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எங்கட கழகத்தில் யார் பழக்குறது? அவருக்கு என்ன சான்றிதழ் இருக்கு? அவருக்கு நாங்கள் என்ன குடுக்கிறம்? பதில் இல்லாட்டி, போன வருசம் ஆட்டத்தை நிப்பாட்டின அந்த நடுக்கள அண்ணா எங்க இருக்கிறார் எண்டு விசாரிச்சு, ஆளைக் கூப்பிடுங்க.